பைத்தான் சாக்கெட்: ரிசீவ்(4096) சில நேரம் பாதிச் செய்தி தருகிறது, சில நேரம் இரண்டைச் சேர்த்துத் தருகிறது

மழைமானி (கேள்வி)

வயல்களில் வைத்திருக்கும் மழை அளவிகள் சிம் மோடம் வழியாக ஒரு லினக்ஸ் சர்வருக்கு டிசிபி இணைப்பில் தரவு அனுப்புகின்றன. சர்வரில் பைத்தான் 3.11. ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்லை, வெறும் சாக்கெட் மாட்யூல்தான்.

செய்தியின் அமைப்பு இது: முதல் 4 பைட்டில் உடலின் நீளம் (பிக் எண்டியன், அதாவது பெரிய மதிப்புள்ள பைட் முதலில்), அடுத்த 2 பைட்டில் செய்தி வகை, அதன் பிறகு உடல். வகை 1 என்றால் உடல் முழுக்க எண்கள். வகை 2 என்றால் நிலையத்தின் பெயரும் குறிப்பும் யூடிஎஃப்-8 தமிழில் இருக்கும். வாங்கும் பகுதியின் சுருக்கம்:

    எப்போதும்:
        தரவு = இணைப்பு.ரிசீவ்(4096)
        உடல்நீளம், வகை = தலைப்பைப்_பிரி(தரவு[0:6])
        உடல் = தரவு[6 : 6 + உடல்நீளம்]
        கையாள்(வகை, உடல்)
        # பிழை வந்தால் லாகில் எழுதிவிட்டு லூப் தொடரும்

ஒரே கணினியில் 127.0.0.1-க்கு அனுப்பிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வயலில் இருந்து வரும்போது நான்கு விதமான கோளாறு:

1. தலைப்பைப் பிரிக்கும் இடத்தில் "6 பைட் வேண்டும்" என்று ஸ்ட்ரக்ட் பிழை.
2. வகை 2-இல் டீகோட் செய்யும்போது, தரவு பாதியில் முடிந்துவிட்டது என்ற யூனிகோட் பிழை.
3. பிழையே இல்லாமல் சில செய்திகள் காணாமல் போகின்றன.
4. கருவி இணைப்பைத் துண்டித்த பிறகு லாக் ஃபைல் மளமளவென்று வளர்கிறது. ஒரு சிபியு கோர் 100% ஓடுகிறது.

4096-ஐ 65536 ஆக்கினால் போதுமா? ரிசீவ் அழைக்கும் முன் கொஞ்ச நேரம் ஸ்லீப் வைக்கலாமா? அல்லது கேட்ட அளவு வரும்வரை காத்திருக்கச் சொல்லும் எம்எஸ்ஜி_வெயிட்ஆல் கொடி போதுமா?


பைட்_வரிசை (பதில்)

நான்குக்கும் வேர் ஒன்றுதான். டிசிபியில் "செய்தி" என்ற ஒன்று கிடையாது, பைட்டுகளின் தொடர் ஓட்டம் மட்டுமே உண்டு. குடம் குடமாக ஊற்றினாலும் குழாயின் மறுமுனையில் வருவது தண்ணீர்தான், குடம் அல்ல. பைட்டுகள் வரிசை மாறாமல், விடுபடாமல் வரும். அந்த உறுதியை டிசிபி தருகிறது. எத்தனை எத்தனையாகச் சேர்ந்து வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ரிசீவ்(4096) என்றால் "4096 பைட் கொடு" என்று பொருள் இல்லை. "இப்போது கர்னல் பஃபரில் (இயங்குதளத்தின் தற்காலிகச் சேமிப்பில்) இருப்பதில் 4096-க்கு மிகாமல் கொடு, ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பைட்டாவது வரும்வரை காத்திரு" என்பதுதான். 1 பைட் வந்தாலும் அது சரியான விடையே. ஒரு செய்தியின் வாலும் அடுத்ததன் தலையும் ஒட்டி வந்தாலும் சரியான விடையே. உங்கள் மூன்றாவது கோளாறு இதில்தான் வருகிறது: இரண்டு செய்தி ஒட்டி வந்தால் முதலாவதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த சுற்றில் தூக்கி எறிகிறீர்கள்.

சொந்தக் கணினியில் ஏன் தெரியவில்லை? லினக்ஸில் லூப்பேக் (கணினி தனக்குத்தானே அனுப்பும்) இடைமுகத்தின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 65536 பைட். சிறு செய்திகள் உடைவது அரிது. ஈதர்நெட்டில் எம்டியு 1500. அதில் ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 போனால் 1460. நேரமுத்திரை ஆப்ஷன் இருந்தால் இன்னும் 12 போய் 1448. மொபைல் வலையில் நடுவில் இருக்கும் சுரங்க இணைப்புகளால் இதுவும் குறையலாம். ஒரு பாக்கெட் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டால், பின்னால் வந்தவை கர்னலில் காத்திருந்து ஒரே மூச்சில் மொத்தமாக உங்களிடம் வரும்.

தமிழ் உரை உடைவதற்குக் கணக்கே காட்டலாம். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட்: முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. "மழை" என்பதில் ம, ழ, ஐகாரக் குறி என மூன்று குறிகள், ஆகவே 9 பைட். 4096, 1460, 1448 மூன்றுமே 3-ஆல் வகுபடாதவை. உங்கள் 6 பைட் தலைப்பைக் கழித்தாலும் வகுபடாது. நீண்ட தமிழ்க் குறிப்பு ஒன்று அந்த எல்லையில் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் ஒரு எழுத்தின் நடுவில்தான் வெட்டுப்படும். இதைச் சமாளிக்க டீகோடில் "இக்னோர்" போடுவதைப் பலர் பரிந்துரைப்பார்கள். போடவே போடாதீர்கள்! பிழை மறையும், எழுத்தும் மறையும். நிலையத்தின் பெயர் கொம்போ காலோ இழந்து தரவுத்தளத்தில் உட்கார்ந்துவிடும். உடல் முழுவதும் கைக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை டீகோட் செய்யுங்கள். முழுதாகக் காத்திருக்க முடியாத நீண்ட உரைக்கு மட்டும் கோடெக்ஸ் மாட்யூலின் இன்கிரிமென்டல் டீகோடர் இருக்கிறது. முடியாத எழுத்தின் பைட்டுகளை அது தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

நான்காவது கோளாறு: ரிசீவ் வெற்று பைட்டுகளைத் திருப்பினால், எதிர்முனை அனுப்புவதை முடித்துவிட்டது என்று பொருள். இனி எத்தனை முறை அழைத்தாலும் காத்திருக்காமல் உடனே வெற்றுதான் வரும். நீங்கள் அதைச் சோதிக்காமல் பிழையை விழுங்கித் தொடர்வதால்தான் சிபியு சுழல்கிறது.

தீர்வு: "இத்தனை பைட் முழுசாக வேண்டும்" என்று கேட்கும் ஒரு செயல்கூறு. ரிசீவை நேரடியாக அழைக்கும் இடம் உங்கள் நிரலில் அது ஒன்றாக மட்டுமே இருக்கட்டும்.

    முழுசா_வாங்கு(இணைப்பு, வேண்டியது):
        இடம் = பைட்அர்ரே(வேண்டியது)
        பார்வை = மெமரிவியூ(இடம்)
        வந்தது = 0
        வந்தது < வேண்டியது என இருக்கும்வரை:
            ந = இணைப்பு.ரிசீவ்_இன்டூ(பார்வை[வந்தது:])
            ந == 0 என்றால்:
                எழுப்பு இணைப்பு_அறுந்தது(வந்தது, வேண்டியது)
            வந்தது = வந்தது + ந
        திருப்பு இடம்

முதலில் 6 பைட் வாங்குங்கள், நீளத்தைப் படியுங்கள், அந்த நீளத்துக்கு இன்னொரு முறை வாங்குங்கள். தலைப்பின் முதல் பைட்டுக்கு முன்பே 0 வந்தால் அது முறையான முடிவு. நடுவில் வந்தால் அரைகுறைச் செய்தி. இரண்டையும் லாகில் வேறுவேறாக எழுதினால் பிறகு தேடும்போது மிக உதவும்.

ரிசீவ்_இன்டூ ஏன் என்றால், பைட்ஸ் மாறாத வகை. துண்டு வரவர கூட்டல் போட்டு ஒட்டினால் ஒவ்வொரு முறையும் பழையது முழுவதும் நகலெடுக்கப்படும். சில நூறு பைட்டுக்குத் தெரியாது, சில மெகாபைட் படம் வந்தால் தெரியும்.

பஃபரை 65536 ஆக்குவது பலிக்காது; அது மேல் வரம்புதானே. ஸ்லீப் அதைவிட மோசம்: உடைந்து வருவதைக் குறைத்து, ஒட்டி வருவதைக் கூட்டும்.


கொக்கி (பதில்)

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. எம்எஸ்ஜி_வெயிட்ஆல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும்.

லினக்ஸில் அந்தக் கொடி கேட்ட அளவு நிரம்பும்வரை காத்திருக்கும். ஆனால் சிக்னல் வந்தாலோ, பிழை வந்தாலோ, எதிர்முனை மூடினாலோ குறைவாகத் திருப்பும். ஆகவே நீளத்தைச் சோதிக்காமல் தப்ப முடியாது. பைத்தானில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் செட்டைம்அவுட் வைத்த கணமே உள்ளே சாக்கெட் நான்-பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்பும் முறை) ஆகிவிடுகிறது. காத்திருப்பதை பைத்தான் தனியாகப் பார்த்துக்கொள்கிறது. அந்த நிலையில் வெயிட்ஆல் கொடிக்கு மதிப்பில்லை, இருப்பதைக் கொடுத்துவிடும். டைம்அவுட் இல்லாமல் சோதித்து "வேலை செய்கிறது" என்று முடிவெடுத்து, பிறகு டைம்அவுட் சேர்க்கும்போது பழைய கோளாறு திரும்பி வரும். லூப்பையே வையுங்கள்.

இணைப்பு.மேக்ஃபைல் மூலம் பைனரி படிப்பு முறையில் ஃபைல் போல எடுத்து ரீட்(6) என்று படிக்கலாம். கேட்ட அளவு முழுதாகத் தரும், இணைப்பு முடிந்தால் மட்டுமே குறையும். டைம்அவுட் ஒருமுறை அடித்தால் அந்த ஃபைல் ஆப்ஜெக்ட் பயனற்றுப் போகும், அதன்பின் படிக்க மறுத்துவிடும். அப்படி நேர்ந்தால் இணைப்பையே மூடுவது என்று முடிவு செய்திருந்தால் இது எளிய வழி. ஒரே சாக்கெட்டில் மேக்ஃபைலையும் நேரடி ரிசீவையும் கலக்கக் கூடாது. ஃபைல் தன் உள்பஃபரில் முன்கூட்டியே இழுத்துவைத்த பைட்டுகள் ரிசீவின் கண்ணில் படாது.

நூற்றுக்கணக்கான கருவிகள் என்றால் அசிங்க்ஐஓ (பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் பைத்தான் மாட்யூல்) பக்கம் போங்கள். ஸ்ட்ரீம்ரீடரில் ரீட்எக்ஸாக்ட்லி(6) இதற்கென்றே இருக்கிறது. நடுவில் அறுந்தால் இன்கம்ப்ளீட்ரீட்எரர் எழும். அதுவரை வந்த பைட்டுகள் அந்தப் பிழையின் பார்ஷியல் பண்பில் கிடைக்கும். ஸ்ட்ரீம்களின் 64 கேபி இயல்பு வரம்பு ரீட்லைன், ரீட்அன்டில் ஆகியவற்றைத்தான் கட்டும், ரீட்எக்ஸாக்ட்லியை அல்ல.


மழைமானி

முழுசா_வாங்கு போட்டதும் முதல் மூன்றும் நின்றுவிட்டன, நான்காவதும் சரி. இருவருக்கும் நன்றி. இப்போது இரண்டு புது விஷயங்கள்.

30 விநாடி டைம்அவுட் வைத்திருக்கிறேன். டைம்அவுட் அடித்தால் பிழையைப் பிடித்து, அதே இணைப்பில் மறுபடி தலைப்பிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சில நேரம் அதற்குப் பிறகு வரும் நீளம், வகை எல்லாமே குப்பையாக இருக்கிறது.

இன்னொன்று, லாகில் அவ்வப்போது உடல்நீளம் 1195725856 என்று வருகிறது. எப்போதும் இதே எண். அப்போது மெமரி ஒரேயடியாக ஏறுகிறது. கருவியின் ஃபர்ம்வேரில் (அதற்குள் பதித்த நிரலில்) பிழையா?


துறைமுகக்காவல் (பதில்)

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அது அவசரம். 1195725856-ஐ நான்கு பைட்டாகப் பிரித்தால் 71, 69, 84, 32. ஆஸ்கியில் ஜி, ஈ, டி, ஒரு இடைவெளி. யாரோ உங்கள் போர்ட்டில் எச்டிடிபி "கெட்" கோரிக்கை அனுப்புகிறார்கள். இணையத்தில் திறந்திருக்கும் எந்தப் போர்ட்டையும் ஸ்கேனர்கள் இப்படித் தட்டிப் பார்க்கும். ஃபர்ம்வேரில் பிழை இல்லை. இதேபோல் 369295616-ஐ ஒட்டிய எண் வந்தால் அது டிஎல்எஸ் (குறியாக்க இணைப்பு) கைகுலுக்கலின் தொடக்கம் (22, 3, 1). பொருந்தாத பெரிய எண் ஏதாவது வந்தால் முதலில் நான்கு பைட்டாகப் பிரித்துப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும். எண்டியன் தலைகீழாகப் படித்தாலும் இப்படித் தெரியும்: 300 என்ற நீளம் லிட்டில் எண்டியனில் 738263040 ஆகிவிடும். ஸ்ட்ரக்ட் வடிவச் சரத்தில் பிக் எண்டியனைக் குறிக்கும் ஆச்சரியக்குறியை விட்டுவிட்டால் இதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2 பைட் புலம் முன்னும் 4 பைட் புலம் பின்னும் இருந்தால் நடுவில் 2 பைட் நிரப்பு சேர்ந்து 6 என்பது 8 ஆகிவிடும்.

ஆனால் அந்த நீளத்தை நம்பி உங்கள் நிரல் 1 ஜிபிக்கும் மேல் இடம் ஒதுக்குகிறதே, அதை இன்றே மூடவேண்டும். 4 பைட் நீளப் புலம் 4294967295 வரை போகும். முன்பின் தெரியாத ஒருவர் ஆறே பைட் அனுப்பி உங்கள் சர்வரைப் படுக்கவைக்கலாம். உங்கள் செய்திகளில் மிகப் பெரியது எவ்வளவு இருக்கும்? ஒரு கேபி? தாராளமாக 16384 என்று வரம்பு வையுங்கள். தலைப்பைப் படித்ததும், இடம் ஒதுக்கும் முன்பே ஒப்பிட்டு, மீறினால் இணைப்பை மூடுங்கள். தெரியாத வகை எண் வந்தாலும் அப்படியே.

முதல் விஷயம். டைம்அவுட் எப்போது அடிக்கிறது என்பதைப் பாருங்கள். செய்திகளுக்கு இடையில் அமைதியாக இருக்கும்போது அடித்தால் சிக்கல் இல்லை, பெரும்பாலும் சரியாக இருப்பதன் காரணம் இதுதான். ஒரு செய்தியின் 100 பைட்டில் 40 வந்தபின் அடித்தால், அந்த 40-ம் முழுசா_வாங்குக்குள் இருந்த தற்காலிக பஃபரோடு போய்விட்டன. அடுத்து வரும் 60 பைட்டின் முதல் ஆறைத் தலைப்பு என்று படிக்கிறீர்கள். உங்கள் அமைப்பில் தொடக்க அடையாளம் இல்லாததால் மறுபடி ஒத்திசைய வழியே இல்லை.

இரண்டு வழி உண்டு. நடுவில் டைம்அவுட் அடித்தால் இணைப்பை மூடி, கருவியை மறுபடி இணையச் சொல்வது ஒன்று. அல்லது மிச்சத்தை இணைப்போடு சேர்த்து வைத்திருப்பது. மொபைல் வலைக்கு எனக்கு இரண்டாவதே பிடிக்கும்:

    வகுப்பு செய்தி_பிரிப்பான்:      # ஒரு இணைப்புக்கு ஒன்று
        மிச்சம் = பைட்அர்ரே()

        ஊட்டு(துண்டு):
            மிச்சத்தின் கடைசியில் துண்டைச் சேர்
            முடிந்தவை = []
            எப்போதும்:
                அளவு(மிச்சம்) < 6 என்றால்: வெளியேறு
                உடல்நீளம், வகை = தலைப்பைப்_பிரி(மிச்சம்[0:6])
                உடல்நீளம் > 16384 என்றால்: எழுப்பு நெறிமுறைப்_பிழை
                முழு = 6 + உடல்நீளம்
                அளவு(மிச்சம்) < முழு என்றால்: வெளியேறு
                முடிந்தவை-இல் சேர் (வகை, பைட்ஸ்(மிச்சம்[6:முழு]))
                நீக்கு மிச்சம்[0:முழு]
            திருப்பு முடிந்தவை

இப்போது ரிசீவ்(4096) என்ன தந்தாலும் ஊட்டினால் போதும். பாதி வந்தால் வெற்றுப் பட்டியல் திரும்பும், மூன்று ஒட்டி வந்தால் மூன்றும் திரும்பும். டைம்அவுட் அடித்தாலும் மிச்சம் அப்படியே இருக்கும். பைட்அர்ரேயின் முன்பகுதியை நீக்குவது பைத்தான் 3.4 முதல் மலிவு. மீதியை நகர்த்தி நகலெடுப்பதில்லை. மிச்சத்தின் மேல் மெமரிவியூ மட்டும் திறந்து வைத்திருக்காதீர்கள், அது இருக்கும்வரை பைட்அர்ரே அளவு மாற மறுத்து பஃபர்எரர் எழுப்பும்.

டைம்அவுட் ஒவ்வொரு ரிசீவுக்கும் தனித்தனி என்பதையும் மறக்க வேண்டாம். 29 விநாடிக்கு ஒரு பைட் அனுப்பினால் 30 விநாடி டைம்அவுட் ஒருபோதும் அடிக்காது. செய்தியின் முதல் பைட் வந்த நேரத்தை டைம்.மோனோடோனிக்கில் குறித்து, மொத்தமாக ஒரு கெடு வையுங்கள்.


பைட்_வரிசை (பதில்)

பிரிப்பான் தனியாக வந்துவிட்டதால் சோதனை மிக எளிது, வலையே வேண்டாம். தமிழ் உரை உள்ள ஒன்று, உடல் நீளம் 0 உள்ள ஒன்று, சரியாக 16384 உள்ள ஒன்று என்று மூன்று செய்திகளை ஒரே பைட் வரிசையாகக் கட்டுங்கள். அதை 1 பைட் துண்டுகளாக ஊட்டுங்கள்; பிறகு 2, 3, 5, 7 என்று; பிறகு மொத்தமாக. எப்படி ஊட்டினாலும் அதே மூன்று செய்திகள் வரவேண்டும். நீளம் 0 உள்ளதைத் தவறாமல் சேருங்கள்: முழுசா_வாங்கு(0) என்பதில் லூப் ஓடாது, சரிதான், வேறு அமைப்பில் எழுதியவர்கள் ரிசீவ்(0) அழைத்து, வெற்று வந்ததும் இணைப்பு அறுந்தது என்று எண்ணிவிடுவார்கள். உண்மையான சாக்கெட்டோடு சோதிக்க சாக்கெட்பேர் போதும்: ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கலாம், போர்ட் திறக்கத் தேவையில்லை.

அனுப்பும் பக்கத்தையும் பாருங்கள். ஃபர்ம்வேர் சி-யில் இருந்தால் செண்ட் எத்தனை பைட் அனுப்பியது என்று திருப்பும் எண்ணை மதிக்கிறதா? குறைவாக அனுப்பியிருந்தால் மீதியைத் தொடர்ந்து அனுப்ப வேண்டும். பைத்தானின் செண்ட்ஆல் செய்வது அதைத்தான். தலைப்பை ஒரு செண்டிலும் உடலை இன்னொரு செண்டிலும் அனுப்பினால் நேகல் வழிமுறையும் தாமத ஒப்புகையும் மோதிக்கொள்ளும். முதல் துண்டுக்கு ஒப்புகை (வந்துசேர்ந்தது என்ற பதில்) வராமல் இரண்டாவது நகராது. லினக்ஸ் சர்வர் அந்த ஒப்புகையைச் சுமார் 40 மில்லிவிநாடி தள்ளிப்போடலாம். தலைப்பையும் உடலையும் ஒரே பஃபரில் வைத்து ஒரே செண்டில் அனுப்பினால் இது வராது. நேகலை அணைக்கும் டிசிபி_நோடிலேயைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள்.


துறைமுகக்காவல்

அறுந்தும் அறுந்தது தெரியாத இணைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், வயல் கருவிகளில் இது கட்டாயம் வரும். பேட்டரி தீர்ந்தாலோ சிக்னல் போனாலோ மூடும் பாக்கெட் எதுவும் சர்வருக்கு வராது. வெறுமனே படித்துக்கொண்டு காத்திருக்கும் சர்வர் நாள்கணக்கில் காத்திருக்கும். எதிர்முனை இருக்கிறதா என்று கர்னலே சோதிக்கும் எஸ்ஓ_கீப்அலைவ் போடலாம், ஆனால் லினக்ஸில் அதன் இயல்பு 7200 விநாடி அமைதிக்குப் பிறகுதான் முதல் சோதனை. பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. சாக்கெட் அளவிலேயே டிசிபி_கீப்ஐடில் 60, டிசிபி_கீப்இன்ட்வல் 10, டிசிபி_கீப்சிஎன்டி 6 என்று வைத்தால் சுமார் 2 நிமிடத்தில் தெரிந்துவிடும். பதில் எழுதும் பக்கத்தில் வேறு கணக்கு. அனுப்பியதற்கு ஒப்புகை வராவிட்டால் லினக்ஸ் இயல்பாக 15 முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும், கைவிட 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். டிசிபி_யூசர்_டைம்அவுட் மில்லிவிநாடியில் கொடுத்து அதைக் குறைக்கலாம்.

மூடும்போது ஒரு எச்சரிக்கை. கர்னல் பஃபரில் படிக்காத பைட்டுகள் இருக்கும்போது குளோஸ் அழைத்தால் லினக்ஸ் முறையான முடிவுக்குப் பதில் ஆர்எஸ்டி (இணைப்பை உடனே முறிக்கும் பாக்கெட்) அனுப்பும். கருவிக்குக் கடைசியாக எழுதிய பதில் அதனால் அழிந்துபோகலாம். ஷட்டவுன் மூலம் எழுதும் திசையை மட்டும் முதலில் மூடி, வெற்று வரும்வரை படித்து, ஒரு சிறு கெடுவுக்குப் பிறகு குளோஸ் செய்யுங்கள். விதியை மீறிய ஸ்கேனருக்கு இந்த மரியாதை வேண்டாம், நேரே மூடிவிடலாம்.

டிசிபி ஒப்புகை வந்தால் சர்வரின் கர்னல் வரை பைட் வந்தது என்று மட்டுமே பொருள். உங்கள் நிரல் அதைப் படித்ததா, தரவுத்தளத்தில் எழுதியதா என்பது கருவிக்குத் தெரியாது. தொலைந்த மழை அளவு மறுபடி கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் 4 பைட் வரிசை எண் சேருங்கள். தரவுத்தளத்தில் எழுதி கமிட் ஆன பிறகு சர்வர் அந்த எண்ணைத் திருப்பி அனுப்பட்டும். அது வரும்வரை கருவி தன் ஃபிளாஷ் நினைவிலிருந்து அந்த அளவை நீக்கக் கூடாது. மறுபடி இணைந்தால் நீக்காதவற்றை மறுபடி அனுப்பும், சில இரண்டு முறை வரும். கருவி எண்ணையும் வரிசை எண்ணையும் சேர்த்துத் தரவுத்தளத்தில் யூனிக் விசை வைத்தால் இரட்டிப்பு தானே நின்றுவிடும்.